விரதத்துக்குப் போட்ட மாத்திரை

கை உடைந்ததற்காகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆறாம் நாள் மாவுக்கட்டோடு வெளியே வந்தபோது, என் முட்டையில் ஒரு பிள்ளை பிறக்க இனி அநேகமாக வழியில்லை என்பதையும் தெரிந்துகொண்டு வந்தேன். எனக்கு வயது முப்பத்தேழு. மாதவிடாய் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. நான் விழுங்கிய மாத்திரை அதை மறைத்துவிட்டது. அந்த மாத்திரையை எதற்காக விழுங்கினேன் என்று படித்துவிட்டு என்னை முட்டாள் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். நானே அதைத்தான் நினைக்கிறேன். ஆனால் எங்கள் பக்கத்தில் இந்த முட்டாள்தனத்தைச் செய்கிறவள் நான் ஒருத்தி இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தூத்துக்குடியில் துறைமுகச் சரக்குக்குப் பேப்பர் போடுகிற ஆபீசில் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் கணேசன் கண்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். வீட்டில் நாங்கள் இருவரும் அவருடைய அம்மாவும். நான் அவரை அத்தை என்பேன். அவர் என்னை 'ஏளா செல்வி' என்பார்.

கல்யாணம் ஆனபோது எனக்கு இருபத்தாறு. இரண்டு தங்கச்சிகளைக் கட்டிக்கொடுத்த பிறகு பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்றார் கணேசன். நானும் சரி என்றேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு டாக்டரம்மாவைப் பார்த்துக் கருத்தடை மாத்திரை வாங்கினேன். இருபத்தொரு நாள் மாத்திரை, ஏழு நாள் இடைவெளி. அந்த இடைவெளியில் ரத்தம் போகும். புதன்கிழமை மதியம் வரும், ஞாயிற்றுக்கிழமை நிற்கும். மற்ற பெண்கள் தள்ளிப்போகிறது, முந்தி வருகிறது என்று புலம்பும்போது எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். என் உடம்பு அவ்வளவு ஒழுங்கு என்று நினைத்தேன். தங்கச்சிகள் கல்யாணம் ஐந்து வருடத்தில் முடிந்துவிட்டது. நான் எட்டு வருடம் மாத்திரை தின்றேன். ஆபீசில் சம்பளம் கூடும் என்று ஒரு வருடம், வீடு மாறுகிறோம் என்று ஒரு வருடம், சும்மா ஒரு வருடம்.

முப்பத்து நான்கில் நிறுத்தினேன். முதல் மாதம் ரத்தம் வந்தது. அடுத்தது ஐம்பது நாள் கழித்து. அப்புறம் நான்கு மாதம் வரவில்லை.

"எட்டு வருசச் சூடுல்லா ஒடம்புல கெடக்கு. எறங்கணும். அவசரப்படாத" என்றார் அத்தை. வெந்தயம் ஊறவைத்துத் தந்தார். கற்றாழையைச் சீவி, ஏழு தண்ணீரில் கழுவி, கருப்பட்டி கலந்து வெறும் வயிற்றில் தந்தார். நான் வாயை மூடிக்கொண்டு குடித்தேன். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு ஓரிரண்டு மாதத்தில் மாதவிடாய் தானாகத் திரும்பிவிடும், மூன்று மாதம் ஆகியும் வராவிட்டால் மாத்திரைமேல் பழியைப் போட்டுக் காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். இப்போது சொல்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அந்த வருடம் ஆடி மாதத்தில் அத்தை நேர்ந்துகொண்டார். குலசேகரப்பட்டினம் தசராவுக்கு மகன் மூன்று வருடம் காளி வேஷம் கட்டுவான், மூன்றாவது வருடம் முடிவதற்குள் அந்த ஊர் முத்தாரம்மன் ஒரு உயிரைக் கொடுத்துவிட வேண்டும். காளி வேஷம் என்றால் லேசு இல்லை. நாற்பத்தெட்டு நாள் விரதம். மாலை போட்ட ஆள் இருக்கிற வீட்டில் பெண்கள் யாரும் தூரமாகக் கூடாது, மாதவிடாய் வரக் கூடாது. முன்பெல்லாம் அந்த மூன்று நாளும் அம்மா வீட்டுக்குப் போய்விடுவார்கள். என் அம்மா வீடு ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில், வயலுக்கு நடுவே இருக்கிறது. அங்கிருந்து நான் ஆபீசுக்கு எப்படி வருவது?

"அதுக்குத்தான் மாத்திர இருக்கே. நீதான் திண்ணு பழகுனவளாச்சே" என்றார் அத்தை.

மருந்துக்கடை அண்ணாச்சியிடம் போனேன். "தசராவுக்கா? எத்தன அட்ட?" என்றார். சீட்டு கேட்கவில்லை. ஆவணி பிறந்துவிட்டால் அந்த மாத்திரைக்கென்று கல்லாவுக்குப் பக்கத்திலேயே ஒரு அட்டைப்பெட்டி வைத்துவிடுவார். "எடவெளி விடாமப் போடுங்க. கடைசி வரைக்கும் வராது."

அதே மாத்திரை. நான் எட்டு வருடம் தின்ற அதே அட்டை, அதே நிறம். தசரா முடிந்ததும் நிறுத்தினேனா என்றால் இல்லை. அடுத்து ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தது. பிள்ளை வரத்துக்காக நானே ஆறு நாள் திருச்செந்தூரில் தங்கி விரதம் இருந்தேன். கோயிலுக்குள் இருக்கும்போது வந்துவிட்டால்? அதற்கும் சேர்த்து விழுங்கினேன். தசராவுக்கும் சஷ்டிக்கும் நடுவில் இருந்த இருபது நாளையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். பிள்ளை கேட்டு விரதம் இருந்த காலத்தில் எழுபது நாளுக்கு மேல் பிள்ளை வராமல் தடுக்கிற மாத்திரையைத் தின்றிருக்கிறேன். மூன்று பேர் இருக்கிற வீட்டில் ஒருவருக்குக்கூட இது உறைக்கவில்லை. அதைத் தடுப்பு மாத்திரை என்று நாங்கள் நினைக்கவே இல்லை. அது விரதத்துக்கு வாங்குகிற சாமான். சூடம், சந்தனத்தோடு பூஜை அலமாரியில்தான் இருந்தது. காலையில் நான் குளித்துவிட்டு வந்ததும் அத்தை கேட்கிற முதல் கேள்வி, "மாத்திர போட்டியாளா?"

சஷ்டி முடிந்து நிறுத்திய மூன்றாம் நாள் ரத்தம் வந்தது. "பாத்தியா, வந்துட்டுல்லா! ஒடம்பு நல்லாத்தான் இருக்கு" என்றார் அத்தை. எனக்கும் நிம்மதி. இரண்டாவது வருடமும் இப்படியே நடந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விரதம் இல்லாத மாதங்களில் எனக்கு வேர்த்து ஊற்றும். நெஞ்சிலிருந்து ஒரு அனல் கிளம்பி முகத்துக்கு ஏறும், ஜாக்கெட் நனைந்துவிடும், பிறகு குளிரும். ஆனால் இந்த ஊரில் வேர்க்காத ஆள் யார்? உப்புக்காற்று, வெயில், மின்வெட்டு. காரணத்துக்கா பஞ்சம்? விரத மாதங்களில் மட்டும் அந்த அனல் இருக்காது. உடம்பு குளிர்ந்து கிடக்கும், நன்றாகத் தூக்கம் வரும். அம்மன் அருள் என்று நானே ஆபீசில் சொல்லியிருக்கிறேன். அருளும் இல்லை, ஒன்றும் இல்லை. மாத்திரையில் இருந்த ஈஸ்ட்ரோஜன் அது.

மூன்றாவது வருடம் ஆடி மாதம் விழுந்தேன். ஆபீஸ் வாசலில் தண்ணீர் கேன் சிந்தியிருந்தது. வழுக்கி, வலது கையை ஊன்றினேன். அவ்வளவுதான். மணிக்கட்டு வீங்கி, கரண்டி மாதிரி வளைந்துவிட்டது.

ஊருக்குள் இருக்கிற ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எலும்பு நொறுங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்து தகடு வைக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முன்னால் நர்ஸ் வந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க?"

"மார்கழில."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். அத்தையும் பார்த்தார். ஏழு மாதம். அத்தையிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொன்னால் ஒவ்வொரு மாதமும் நாள் எண்ணுவார், முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் வந்துவிட்டதாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கர்ப்பமான்னு ஒரு டெஸ்ட் பாத்துரணும். மயக்க டாக்டர் கேப்பாரு" என்று நர்ஸ் ஒரு சின்னக் குப்பியை நீட்டினார்.

இடது கையில் அந்தக் குப்பியோடு நான் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தபோது அத்தை கட்டிலருகே இல்லை. கீழே ஆஸ்பத்திரி வாசல் பிள்ளையாருக்குப் போயிருந்தார். திரும்பி வந்து என் நெற்றியிலும் வயிற்றிலும் விபூதி பூசினார். "அத்தே, வயித்துல ஒண்ணும் இல்ல. ஏழு மாசம்னா தெரியாதா?" என்றேன். "ஒனக்கென்ன தெரியும்? எங்க ஊர்ல ஒருத்திக்கு ஒம்போது மாசம் வரைக்கும் தெரியல" என்றார். செல்போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். அவர் பேசுவது உள்ளே கேட்டது. "உறுதியாத் தெரியல... டாக்டரே சந்தேகப்பட்டுல்லா டெஸ்ட் எடுக்காவ... மூணாவது வருசம்லா, அம்மா கைவிட மாட்டா."

கை வலியை விட அது வலித்தது.

நர்ஸ் வந்து, "நெகட்டிவ்" என்றார். தாளில் எழுதிக்கொண்டார்.

"அப்படின்னா?" என்றார் அத்தை.

"இல்லம்மா."

"இன்னொரு தடவ பாருங்கம்மா."

பார்க்க வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் அந்த நர்ஸ் பெண் போய் இன்னொரு பட்டையைப் பிரித்து, அத்தை கண் முன்னாலேயே பார்த்தார். ஒற்றைக் கோடுதான். அத்தை அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் மறுபடி வராந்தாவுக்குப் போனார். இந்தத் தடவை அவர் போனில் பேசியது கேட்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து என்னைப் பெண்கள் வார்டில் போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் கீழவைப்பாரிலிருந்து வந்த ரோஸ்லின் அக்கா. ஐம்பத்து நான்கு வயது. வள்ளத்திலிருந்து இறங்கும்போது விழுந்து முழங்கால் உடைந்துவிட்டது. புருஷன் ஒருகாலத்தில் சங்கு குளித்தவர், இப்போது காது கேட்காது. அவரிடம் சத்தம் போட்டே பழகிய குரல், ரகசியம் சொன்னாலும் வார்டு முழுவதும் கேட்கும்.

இரண்டாம் நாள் மதியம் எனக்கு அந்த அனல் ஏறியது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நான் போர்வையை உதைத்துத் தள்ளினேன். ஐந்து நிமிடத்தில் குளிரெடுத்து, ஒற்றைக் கையால் இழுக்க முடியாமல் தவித்தேன். ரோஸ்லின் அக்கா கட்டுப்போட்ட காலோடு படுத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏளா, ஒனக்கு என்ன வயசு?"

"முப்பத்தேழு."

"பொய் சொல்லாத."

"நெசமாத்தான்க்கா."

"எனக்கு நின்னுபோன வருசம் இப்படித்தான் எரிஞ்சுது. எங்க வீட்டுக்காரரு சொன்னாரு, ஒன் மேல ஒரு பானைய வச்சா சோறு பொங்கிருமின்னு. ஒனக்கு நின்னுட்டுளா."

"அக்கா, வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்று கத்திவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. அன்று அவர் புருஷன் கொண்டுவந்த மீன் குழம்பை, முள் எடுத்து, என் தட்டுக்கும் அனுப்பினார்.

மறுநாள் எலும்பு டாக்டர் வந்தார். "சும்மா வழுக்கி விழுந்ததுக்கு இந்த வயசுல எலும்பு இப்படி நொறுங்கக் கூடாதும்மா. ஏழு மாசமா வேற வரலங்கறீங்க. லேடி டாக்டர் பாக்கட்டும்" என்றார்.

ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் அறைக்கு வெளியே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே காத்திருந்தவர்கள் எல்லாம் வயிறு தள்ளியவர்கள். "ஒங்களுக்கு எத்தனாவது மாசம்?" என்று ஒரு பெண் கேட்டாள். கையைக் காட்டினேன். கைக்கு எதற்கு வயிற்று ஸ்கேன் என்று அவள் யோசித்திருப்பாள்.

ரிப்போர்ட்டோடு லேடி டாக்டர் ஐந்தாம் நாள் வந்தார். களைத்த முகம். சர்க்கரை தடவிப் பேசுகிற ஆள் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. அத்தையை வெளியே போகச் சொன்னார். கணேசன் மட்டும் இருந்தார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். எஃப்.எஸ்.எச். என்பது மூளை சினைப்பைக்கு அனுப்புகிற உத்தரவு. சினைப்பை வேலை செய்தால் உத்தரவு மெதுவாக இருக்கும். வேலை செய்யாவிட்டால் மூளை கத்திக்கொண்டே இருக்கும். எனக்கு அந்தக் கத்தல் மிக அதிகம். ஏ.எம்.எச். என்பது மிச்சமிருக்கிற முட்டைகளின் அடையாளம். எனக்கு அளக்கக்கூட முடியாத அளவு குறைவு. ஸ்கேனில் சினைப்பை இரண்டும் சுருங்கியிருந்தன. நாற்பதுக்கு முன்னால் இப்படி ஆவதற்கு முன்கூட்டிய சினைப்பைச் செயலிழப்பு என்று பெயர். ஈஸ்ட்ரோஜன் இல்லாததால்தான் அனல். மாதக்கணக்கில் அது இல்லாமல் போனதில் எலும்பும் மெலிந்திருக்கலாம், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றார்.

"மாத்திர திண்ணதாலயா மேடம்?" என்றேன்.

"இல்ல. மாத்திரை சினைப்பையக் கெடுக்காது. மெனோபாசையும் சீக்கிரம் கொண்டுவராது. நிறுத்தினா குழந்தை பிறக்கும். எத்தனையோ பேருக்குப் பிறக்குது."

"மாசா மாசம் வந்துச்சே?"

"அது மாதவிடாய் இல்ல. மாத்திரை நின்னதும் ஹார்மோன் கொறையுது, கர்ப்பப்பையோட உள்தோல் உரிஞ்சு ரத்தம் வருது. சினைப்பை செத்துக் கிடந்தாலும் வரும்."

எனக்கு ஒரு கணக்கு தோன்றியது. இப்போது நினைத்தால் கேவலமாக இருக்கிறது, அப்போது பிடித்துக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. "எட்டு வருசம் முட்டை வெளிய வரலல்லா மேடம்? அப்ப அது மிச்சம் இருக்கணுமே?"

அவர் முதல்முறையாகக் குரலைத் தணித்தார். "மிச்சம் ஆகாதும்மா. வெளிய வந்தாலும் வராட்டாலும் அது பாட்டுக்குக் கொறஞ்சுக்கிட்டே இருக்கும். மாத்திரை அதச் செலவு பண்ணவும் இல்ல, சேத்து வைக்கவும் இல்ல. கொறையுறது ஒங்களுக்குத் தெரியாமப் பண்ணிருச்சு, அவ்வளவுதான்."

"முப்பத்து நாலுலயே பாத்திருந்தா?"

"அப்ப கொஞ்சம் இருந்திருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது."

கணேசன் சுவரில் சாய்ந்து நின்றார். அந்தப் பதிலுக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா என்று டாக்டர் கேட்டார். அம்மாவுக்குப் போன் போட்டேன். "ஒங்க சித்திக்கு முப்பத்தெட்டுல நின்னுட்டு. அவளுக்கு அதுக்குள்ள மூணு பிள்ள இருந்துல்லா, அதான் யாரும் சொல்லிக்கிடல" என்றார் அம்மா. சொல்லிக்கொள்ளவில்லை. என் சித்தியை மாதம் ஒரு தடவை பார்க்கிறேன். என்னென்னவோ பேசுகிறோம்.

"ஒரு டெஸ்ட்ட வச்சு முடிவு பண்ணக் கூடாது" என்றார் டாக்டர். "சில பேருக்குச் சினைப்பை திடீர்னு ஒரு மாசம் முழிச்சுக்கும். ஆறு வாரம் கழிச்சுத் திரும்ப ரத்தம் பாக்கணும். அதுவரைக்கும் அந்த மாத்திரையத் தொடவே கூடாது. தொட்டா மூளையோட கத்தல அது அமுக்கிடும், ரிசல்ட் பொய்யா வரும்."

ஆறு வாரம். நான் மனதுக்குள் எண்ணினேன். ஆவணிக் கடைசி. மாலை போட்டு மூன்று வாரம் ஆகியிருக்கும்.

பில்லுக்கு என் ஆபீஸ் இன்சூரன்ஸ் பாதிதான் கொடுத்தது, மீதிக்கு என் வளையல் போனது. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. கிளம்பும்போது ரோஸ்லின் அக்கா தன் கழுத்திலிருந்த மாதா சுரூப டாலரைக் கழற்ற முயன்று, என்ன நினைத்தாரோ, விட்டுவிட்டார். "மீனு நல்லாத் திண்ணு, எலும்பு தேறும்" என்றார். அவர் சொன்ன ஆறுதலில் அதுதான் உருப்படியானது.

வீட்டில் அத்தை என்னைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டார். அதைச் சொல்லாமல் விட்டால் நான் அயோக்கியத்தி. குளிப்பாட்டினார், துணி கட்டிவிட்டார், சோற்றைப் பிசைந்து ஊட்டினார். ஆவணி பிறந்தது. ஒருநாள் ஊட்டிக்கொண்டே சொன்னார்:

"அண்ணாச்சிட்ட அட்ட வாங்கியாச்சு. வெள்ளிக்கிழம மால போடுதான். நாளைக்கே ஆரம்பிச்சுரு."

"போட மாட்டேன் அத்தே. டெஸ்ட் இருக்கு."

"ஏழு மாசமா வராதது இப்ப திடீர்னு வந்துட்டா? ஒனக்கே தெரியாதே எப்ப வரும்னு."

"வந்தா வரட்டும். வரணும்னுதானே கெடக்கேன்."

"மூணாவது வருசம்ளா! இத முறிச்சா ரெண்டு வருசமும் வீணு. அம்மா குத்தம் ஆயிரும். டெஸ்ட்டத் தள்ளி வையி. தசரா முடிஞ்சு எடுத்தா ஆகாதா?"

"எதுக்கு நேந்தீங்க? பிள்ளைக்குத்தானே? பிள்ள உண்டா இல்லையான்னு பாக்கத்தான் இந்த டெஸ்ட்."

"அப்ப ஒங்க அம்ம வீட்டுக்குப் போ."

"போக மாட்டேன். இது என் வீடு."

இடது கையால் தட்டைத் தள்ளினேன். சோறு சுவர் வரை சிதறியது. அத்தை ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கினார். கணேசன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அம்மாவையும் எதிர்க்கவில்லை, என்னையும் போடச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மாலை போட்டுக்கொண்டு, சேர்ந்து வேஷம் கட்டுகிற தசரா செட்டு ஆட்கள் தெரு முனையில் கட்டியிருந்த ஓலைக் குடிலில் போய்ப் படுத்துக்கொண்டார். கோழை என்று நினைத்தேன். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன் வாசல் படி வரை வருவார். உள்ளே வரமாட்டார். நான் படியில் உட்காருவேன். எனக்குத் தலை சீவிச் சடை பின்னிவிடுவார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற கை, மயிரை இழுத்துவிடும். சடை ஒரு பக்கமாகத் தொங்கும். தெரு பார்க்கும். அவர் கவலைப்படவில்லை.

ஆறு வாரமும் நான் துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு சொட்டு ரத்தம் வந்துவிடாதா என்று ஏங்கினேன். அத்தை அது வந்துவிடக் கூடாது என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரே வீட்டில்.

வரவில்லை.

இரண்டாவது ரிசல்ட் முதலாவதை விட மோசம். டாக்டர் பூசி மெழுகவில்லை. தானாகக் கருத்தரிப்பது அபூர்வமாகச் சிலருக்கு நடக்கும், அதை நம்பி உட்காராதீர்கள் என்றார். வேறொரு பெண்ணின் முட்டையை வாங்கிச் செய்யலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். நாங்கள் இன்னும் யோசிக்கவில்லை. எலும்பு ஸ்கேனிலும் மெலிவு இருந்தது. ஏறத்தாழ ஐம்பது வயது வரை தினமும் ஹார்மோன் மாத்திரை போட வேண்டும். உடம்பு செய்யாததை வெளியிலிருந்து கொடுப்பது. எலும்புக்கு, இதயத்துக்கு. இது கர்ப்பத்தைத் தடுக்காது, கொண்டுவரவும் செய்யாது. முதல் கொஞ்ச நாள் மாதம் ஒருமுறை ரத்தம் போகிற மாதிரியும் கொடுக்கலாம், போகாத மாதிரியும் கொடுக்கலாம், எது வேண்டும் என்று கேட்டார். போகாததைக் கேட்டு வாங்கினேன். பொய் ரத்தம் பார்த்துப் பார்த்து எனக்குப் போதும் என்றாகிவிட்டது.

அன்று சாயங்காலம் அத்தை பூஜை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சூடத்துக்குப் பின்னால் அந்த அட்டைகள் இருந்தன.

"டாக்டர் என்ன சொன்னாவ?"

"ஒங்க வீடு இனி எப்பவும் சுத்தமா இருக்கும் அத்தே. எந்த விரதத்துக்கும் நான் தூரமாக மாட்டேன். சந்தோசமா?"

இதை நான் வேண்டுமென்றேதான் சொன்னேன். வலிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அத்தை துடைத்த துணியோடு தரையில் உட்கார்ந்தார். துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"நான் குடுத்த மாத்திரயாலயா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அந்த மனுஷி செத்த பிறகும் அதைச் சுமந்துகொண்டு போயிருப்பார்.

"இல்ல. அது தானா வந்தது."

"அப்ப யாரால?"

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஒரு ஆள். மாத்திரை குற்றவாளி என்றால் அண்ணாச்சி கடையில் போய்க் கத்தியிருப்பேன். அதுவும் இல்லை. தெரிந்துகொள்ள இருந்த மூன்று வருடத்தை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து மூடி வைத்தோம், அவ்வளவுதான். மறுநாள் அத்தை அட்டைகளைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அண்ணாச்சி வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டாராம். வேறு வீட்டுக்குப் போயிருக்கும்.

தசராவுக்குக் காப்புக் கட்டியதும் கணேசன் காளி வேஷம் கட்டினார். சிவப்புச் சேலை, கறுப்புச் சடாமுடி, இரண்டு பேர் சேர்ந்து தூக்கிவைக்கிற கிரீடம், வாயில் மாட்டுகிற நாக்கு. செட்டு மேளத்தோடு தெருத்தெருவாகத் தர்மம் எடுக்க வந்தது. காளியிடம் வாக்குக் கேட்பது வழக்கம். எதிர்வீட்டில் போன வைகாசியில் கட்டிக்கொண்டு வந்த பெண் தட்டில் காசு போட்டு, "அம்மா, ஒரு பிள்ள குடு தாயி" என்று காலில் விழுந்தாள். காளி குங்குமம் வைத்துவிட்டது. அவள் வீட்டில் யார் மாலை போட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான் அன்றே அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆமாம், அவளும்தான் மாத்திரை போடுகிறாள். அவளிடம் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன். கேட்டாளா தெரியாது.

அப்புறம் எங்கள் வாசல். அத்தை பின்னால் நின்றார். தெருவே என்னைப் பார்த்தது. இவளுக்கு என்ன வாக்கு வரும் என்று பார்த்தது. வலது கை இன்னும் சரியாக மடங்கவில்லை. இடது கையால் பத்து ரூபாயைத் தட்டில் போட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. கும்பிடவும் இல்லை. ஒற்றைக் கையால் எப்படிக் கும்பிடுவது?

மேளம் நின்றது. கிரீடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு காளி குனிந்தது. வாயிலிருந்த நாக்கைக் கழற்றி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டது:

"மாத்திர போட்டியாளா?"

"போட்டேன்" என்றேன்.

நாக்கை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.